கேமரா நிற்கும் உயரம்

(கட்சியின் கலை, பண்பாட்டுப் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020 மார்ச் 28, சனிக்கிழமை. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கி நான்காம் நாள். அன்று காலை 9 மணிக்குத் தூர்தர்ஷன் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரை மறு ஒளிபரப்புச் செய்யத் தொடங்கியது. அதே நாளில் தில்லி ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் ஆயிரமாயிரம் புலம்பெயர் தொழிலாளர்கள் மூட்டைகளோடும் குழந்தைகளோடும் கூடி நின்றனர். வேலை போயிற்று, கூலி போயிற்று, வாடகைக்கு இருந்த அறையும் போயிற்று. உத்தரப்பிரதேசத்துக்கோ பீகாருக்கோ செல்ல ஒரு பேருந்து கிடைக்காதா என்று வந்தவர்கள் அவர்கள்.

இரண்டு காட்சிகளும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில், ஒரே நாளில் வந்தன. தொடரில் கேமரா ராமனின் முகத்துக்கு நேரே நின்றது, மெல்ல மெல்ல முகத்தை நெருங்கியது, அங்கேயே தங்கியது. பேருந்து நிலையத்திலோ கேமரா பெரும்பாலும் உயரத்திலிருந்து கீழே பார்த்தது. முகங்கள் தெரியவில்லை, தலைகள் தெரிந்தன. தலைகளின் எண்ணிக்கை தெரிந்தது. “இப்படிக் கூடினால் தொற்று பரவாதா?” என்ற கேள்வி அந்தக் கோணத்திலிருந்து தானாகவே பிறந்தது. “இவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார்?” என்ற கேள்வி அந்த உயரத்திலிருந்து பிறக்க வழியில்லை. இரண்டு நாள் கழித்துப் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் குந்தவைத்து அவர்கள்மீது கிருமிநாசினி பீய்ச்சியடித்த காட்சி வெளியாயிற்று. அங்கும் நின்றுகொண்டிருப்பவரின் கண்தான் குந்தியிருப்பவர்களைப் பார்த்தது.

கேமராவுக்கு உயரம் உண்டு. அந்த உயரம் யாரோ ஒருவர் எடுத்த முடிவு. தொலைக்காட்சியில் வரும் மனிதரை நேசிப்பதா, வணங்குவதா, அஞ்சுவதா, இளக்காரமாய்ப் பார்ப்பதா என்பதில் வசனத்துக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு அந்த முடிவுக்கும் உண்டு. அரசியல் ஊழியர்கள் வசனத்தை ஆராய்வதில் தேர்ந்தவர்கள். ஒரு தொடரில் பெண்ணடிமைக் கருத்து வந்தால் வசனத்தை மேற்கோள் காட்டிக் கண்டித்துவிடுகிறோம். கேமரா எங்கே நின்றது என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

இதன் இலக்கணம் எளியது. ஒருவரைக் கீழிருந்து மேல்நோக்கிப் படமெடுத்தால் அவர் ஓங்கி நிற்பார். மேலிருந்து எடுத்தால் சிறுத்துப்போவார். கண்மட்டத்தில் எடுத்தால் பார்ப்பவருக்குச் சமமாக நிற்பார். ஆனால் இதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொள்வதில் பயனில்லை. 1935இல் வெளிவந்த லெனி ரீஃபன்ஸ்டாலின் நாஜிப் பிரச்சாரப் படத்தில் ஹிட்லர் அண்ணாந்து பார்க்கப்படுகிறார்; அங்கே அந்தக் கோணம் வழிபாடு. 1941இல் ஆர்சன் வெல்ஸ் ‘சிட்டிசன் கேன்’ படத்துக்காகத் தரையையே தோண்டிக் கேமராவைக் குழிக்குள் இறக்கினார். தேர்தலில் தோற்ற கேன் தன் நண்பனோடு பேசும் காட்சி அது. கீழிருந்து பார்க்கும்போது அந்தச் செல்வந்தன் பூதாகரமாகத் தெரிகிறான். அதே சமயம், வெறுமையான அரங்கில் தன்னந்தனியாகவும் தெரிகிறான். கோணம் ஒன்றே, பொருள் இரண்டு. எந்தக் கதையில், எந்த வர்க்கத்தின் கையில், எந்தக் காட்சிக்கு அடுத்து என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கோணம் பேசும்.

இது கலை விமர்சகர்களின் கற்பனை என்று ஒதுக்குவோருக்கு ஒரு சான்று போதும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டரும் அவருடைய சகாக்களும் 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகள் அவை. காவல்துறை விசாரணையில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அதே காட்சியை மூன்று விதமாகப் பதிவு செய்தனர்: ஒன்றில் விசாரிக்கப்படுபவர் மட்டும் தெரிவார், இன்னொன்றில் விசாரிக்கும் அதிகாரி மட்டும், மூன்றாவதில் இருவரும் சமமாக. பேச்சு ஒன்றுதான், ஒரு சொல் மாறவில்லை. விசாரிக்கப்படுபவரை மட்டும் பார்த்தவர்கள், “இவர் யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தானாகவே ஒப்புக்கொண்டார்” என்று கருதும் போக்கு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. வற்புறுத்துபவர் சட்டகத்துக்கு வெளியே இருந்ததால் வற்புறுத்தலும் வெளியே போய்விட்டது. அனுபவமிக்க நீதிபதிகளும் இந்தச் சாய்விலிருந்து தப்பவில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. விசாரணையைப் பதிவு செய்யும்போது இருவரும் சமமாகத் தெரிய வேண்டும் என்ற நடைமுறையை நியூசிலாந்து காவல்துறை ஏற்றது.

ஆனந்த் விகாரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். நான்கு மணி நேர அவகாசம் மட்டும் தந்து ஊரடங்கை அறிவித்தவர் அந்தச் சட்டகத்தில் இல்லை.

இந்தியத் தொலைக்காட்சியில் இந்த உயரம் எப்படி மாறி வந்தது என்பது ஒரு தனி வரலாறு. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ ஒரு கீழ் நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் கதை. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. குடிகாரத் தகப்பன் பசேசர் ராம், எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு உழைக்கும் தாய் பாகவந்தி, வேலையற்ற மகன், திருமண வயதுப் பெண்கள். சிறிய அரங்கம், எளிய விளக்கு, பாத்திரங்களின் கண்மட்டத்தில் நிற்கும் கேமரா. அன்றைய வசதிக்குறைவும் அதற்கு ஒரு காரணம்தான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் கேமராவை நேராகப் பார்த்து, வீட்டுப் பெரியவர்போல் அன்றைய கதையின் படிப்பினையைச் சொல்வார்.

பெண் சமத்துவத்தையும் குடும்பநலத்தையும் பரப்பும் நோக்கத்தோடு அரசு ஆதரவில் உருவான தொடர் அது. பாகவந்தியைப்போல் அடங்கிப் போகக்கூடாது என்று மக்கள் கற்க வேண்டும் என்பது ஆக்கியோரின் எண்ணம். நடந்தது வேறு. அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியபடி, பார்வையாளர்களில் கணிசமானோர் பாகவந்தியையே பின்பற்றத்தக்க பெண்ணாக ஏற்றனர். கதை அவளை எச்சரிக்கையாக நிறுத்தியது. திரை அவளை வாரத்துக்கு வாரம் நடுக்கூடத்தில், அருகில், எட்டித் தொடும் தூரத்தில் வைத்திருந்தது. இறுதியில் அசோக் குமார் சொன்ன படிப்பினையைவிட, அடுப்பங்கரையில் தன் தாயையே பார்த்ததுபோன்ற நெருக்கம் வலுவாக இருந்திருக்க வேண்டும். நல்ல கருத்தை வசனத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நம்பும் முற்போக்காளர்கள் இந்த அனுபவத்தை மறக்கலாகாது.

1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலைகளில் ‘ராமாயண்’ 78 பகுதிகள் ஓடியது. இங்கே கேமரா வேறொரு வேலையைக் கற்றது. கதை நகர்வதைவிட முகத்தைக் காட்டுவது முக்கியமாயிற்று. நாள்காட்டிப் படத்தில் கடவுள் எப்படி நம்மை நோக்கி நிற்பாரோ அப்படியே பாத்திரங்கள் முன்னோக்கி நின்றன. கேமரா நெருங்கும், நிற்கும், மீண்டும் நெருங்கும். கோயிலில் திரை விலகியதும் கருவறையைப் பார்க்கும் கண் அது. மக்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டனர்: குளித்துவிட்டு வந்து அமர்ந்தனர், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டனர். பிலிப் லட்ஜெண்டார்ஃப் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

மக்களின் பக்தியை ஏளனம் செய்ய இதில் ஏதுமில்லை. அந்தப் பக்தியைப் பிறகு யார் அறுவடை செய்தார் என்பதே கேள்வி. 1990 செப்டம்பர் 25 அன்று சோமநாதபுரத்திலிருந்து அத்வானி புறப்பட்டபோது, ஒரு டொயோட்டா வண்டி ரதமாக வேடமிட்டிருந்தது. ஞாயிறுதோறும் ரதத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. 1991 மக்களவைத் தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா சிக்லியா பரோடாவிலும், ராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதி சபர்கந்தாவிலும் பாஜக சார்பில் வென்றனர். ராமனாக நடித்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் அதே கட்சியின் சார்பில் வென்றார். இதில் சிந்திக்கத்தக்கது ராவணனின் வெற்றிதான். பாத்திரத்தின் நற்குணம்தான் வாக்காக மாறியது என்றால் ராவணன் கட்டுத்தொகை இழந்திருக்க வேண்டும். புனிதமானது பாத்திரம் மட்டுமன்று. அந்தச் சட்டகமே புனிதமாகிவிட்டது. அதற்குள் நின்றவர் எவராயினும் ஒளி பட்டது.

ஆனாலும் அந்தச் சட்டகம் மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் தனிச் சொத்தாக இருந்துவிடவில்லை. 1988 ஆகஸ்டில் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. கோரிக்கை கூலி உயர்வு அன்று. உத்தர காண்டத்தைக் காட்டாமல் தொடரை முடிக்கக் கூடாது என்பது கோரிக்கை. வால்மீகியைத் தம் முன்னோராகக் கொள்ளும் சமூகத்தினர் அவர்கள். சீதைக்குப் புகலிடம் தந்து, அவள் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த வால்மீகி வருவது அந்தக் காண்டத்தில்தான். நகரின் அழுக்கைச் சுமப்பவர்கள், நாடே அண்ணாந்து பார்க்கும் அந்தச் சட்டகத்துக்குள் தம் முன்னோரும் நிற்க வேண்டும் என்று துடைப்பத்தைக் கீழே வைத்தனர். பிறகு ‘லவ குசா’ கதை தனித் தொடராக வந்தது. இந்தப் போராட்டத்தை வேடிக்கைச் செய்தியாகக் கடந்து போனவர்கள் உண்டு, இடதுசாரிகளிலும் உண்டு. திரையில் எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பது கௌரவப் பிரச்சினை என்பதைத் தத்துவ ஆசிரியர்களுக்கு முன்பே அந்தத் தொழிலாளர்கள் அறிந்திருந்தனர்.

பார்வையாளர் வெறும் களிமண் அன்று. பிரிட்டிஷ் மார்க்சியரான ஸ்டூவர்ட் ஹால் 1973இலேயே இதை வற்புறுத்தினார்: ஆக்கியவர் ஒரு பொருளை வைத்து அனுப்புகிறார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், தன் வாழ்நிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம், எதிர்த்தும் படிக்கலாம். பாகவந்தியை நேசித்தவர்கள் ஒரு வகையில் திருத்தினர். ஜலந்தர் தொழிலாளர்கள் இன்னொரு வகையில்.

‘ராமாயண்’ ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1988 ஜனவரியில், அதே தூர்தர்ஷனில் ‘தமஸ்’ வந்தது. மக்கள் நாடக இயக்கமான இப்டாவில் இயங்கியவரான பீஷ்ம சாஹ்னியின் நாவல். இயக்கம் கோவிந்த் நிஹலானி. ஷியாம் பெனகலின் ‘அங்கூர்’ போன்ற படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் நிஹலானி. எனவே கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தற்செயலுக்கு விட்டவர் அல்லர். பிரிவினைக் காலத்துக் கலவரம் எப்படித் திட்டமிட்டு மூட்டப்பட்டது என்பது கதை. தோல் பதனிடும் தொழிலாளி நாத்துவை ஐந்து ரூபாய்க்கு ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். எதற்கென்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பன்றி மறுநாள் மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. ஓம் புரி நடித்த அந்தத் தொடக்கக் காட்சியில் கேமரா இருண்ட குடிசைக்குள் அவனோடு அடைபட்டுக் கிடக்கிறது. அவன் மூச்சிரைப்பது கேட்கிறது. வெளியே என்ன சதி நடக்கிறது என்பது அவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். இங்கே வணங்க ஏதுமில்லை, இரங்கவும் நேரமில்லை; அவனோடு சேர்ந்து நாமும் மாட்டிக்கொள்கிறோம்.

தொடரைத் தடை செய்யக் கோரி வழக்குகள் தொடரப்பட்டன. இடைக்காலத் தடை வந்தபோது, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் லெண்டினும் சுஜாதா மனோகரும் தொடரை முழுவதும் பார்த்துவிட்டே ஒளிபரப்பை அனுமதித்தனர். அதே ஆண்டில் உச்சநீதிமன்றமும் தடை கோரிய மனுவைத் தள்ளியது. ஒரே அரசு நிறுவனம், ஒரே பருவம், இருவேறு கேமராக்கள். எது பிறகு வந்த தொலைக்காட்சியின் தாய்மொழியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் ‘கியூங்கி சாஸ் பீ கபி பஹு தீ’ தொடங்கியது. 2008 நவம்பர் வரை ஓடியது. தொழிலதிபர் குடும்பத்தின் மாளிகை. ஒரு வசனம் விழும். கேமரா ஒருவர் முகத்தை நோக்கிப் பாயும். இடியோசையோடு மீண்டும் பாயும். மூன்றாம் முறையும் பாயும். பிறகு அடுத்தவர் முகம், அதற்கடுத்தவர் முகம். இதைக் கேலி செய்வது எளிது, கேலியும் நிறையவே செய்தாயிற்று. இதன் பொருளாதாரத்தைப் பார்த்தவர்கள் குறைவு. வாரத்தில் பல நாள், நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்குமேல் காட்சி தர வேண்டும். அதற்குரிய கதை எவரிடமும் இல்லை. ஒரு வரி வசனத்துக்கு எட்டு முகங்களைக் காட்டினால் ஒரு நிமிடம் நிரம்பும், அடுத்து விளம்பரம். முகத்தை நோக்கிப் பாயும் அந்த ஜூம் விளம்பரதாரருக்கு விற்கப்படும் நேரத்தை உற்பத்தி செய்யும் இயந்திரம்.

அந்த இயந்திரம் ஒரு கருத்தையும் உற்பத்தி செய்தது. இத்தகைய தொடர்களில் வில்லி எப்போதும் கோணலான கோணத்தில், தனி இசையோடு நுழைவாள். நல்ல மருமகள் நேர்க்கோணத்தில், மெல்லிய ஒளியில், பூசையறையில் இருப்பாள். ஆண்களின் வியாபாரம் எப்படி நடக்கிறது, அந்த மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கேமரா போனதே இல்லை. வீட்டுவேலை செய்பவர் சட்டகத்தின் ஓரத்தில் தட்டை வைத்துவிட்டு மறைவார். எல்லா முரண்பாடும் மாமியார், மருமகளின் குணக்கேடாகச் சுருங்கிற்று. துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி 2003இல் பாஜகவில் சேர்ந்தார். 2014இல் ஒன்றிய அமைச்சரானார். 2019இல் அமேதியில் வென்றார். 2024இல் அதே அமேதி மக்கள் அவரைத் தோற்கடித்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த முகங்களின்மேல் கேமராவை ஓட்டியவர்களும் தொழிலாளர்களே. 2008 அக்டோபரில் மேற்கிந்தியத் திரைத் தொழிலாளர் கூட்டமைப்பு கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தது. நவம்பரில் தகராறு முற்றிப் படப்பிடிப்பு நின்றது. நவம்பர் 10 முதல் ஏறத்தாழப் பத்து நாள் இந்தித் தொடர்கள் எல்லாம் பழைய பகுதிகளையே திரும்ப ஓட்டின. விளக்குப் பிடிப்பவரும் டிராலி தள்ளுபவரும் கையைக் கட்டி நின்றபோது எந்த மருமகளின் கண்ணிலும் புதிய கண்ணீர் வரவில்லை.

செய்தித் தொலைக்காட்சி இந்த இரண்டு மரபுகளையும் சுவீகரித்தது: ராமாயணத்திலிருந்து வழிபாட்டுக் கேமராவையும், மாமியார் தொடரிலிருந்து பாயும் கேமராவையும். 2019 மே 18, கடைசிக் கட்ட வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள். பிரச்சாரம் ஓய்ந்துவிட்டது. பிரதமர் கேதார்நாத் குகையில் காவி போர்த்தித் தியானத்தில் அமர்ந்தார். தனிமைத் தவத்துக்கும் கேமரா உடன் போயிருந்தது. பேச்சில்லை, வாக்குக் கேட்கவில்லை. கோணம் மட்டுமே பேசியது. இரவு விவாதங்களிலோ நெறியாளர் பெரிய சன்னலில், சீரான ஒளியில். தொழிற்சங்கத் தலைவர் எட்டுச் சின்னச் சன்னல்களில் ஒன்றில், தெருச் சத்தத்துக்கு நடுவே. அவர் கத்துகிறவராகத் தெரிவதற்கு அவருடைய கருத்து காரணமன்று.

‘கண்ணோட்டம்’ என்ற சொல்லை இங்கே ஒருகணம் நினைக்கலாம். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே அந்தப் பெயரிட்டார். அங்கே அதன் பொருள் இரக்கம், பிறர்மேல் கண் ஓடுவதால் பிறக்கும் பரிவு. இன்று கட்சி ஆவணங்களில் வர்க்கக் கண்ணோட்டம் என்கிறோம். நோக்கும் நிலை என்ற பொருளில். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் யார்மேல் பரிவு பிறக்கிறது என்பதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

இனி நமது பக்கம். 2018 மார்ச் 6 அன்று அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நாசிக்கிலிருந்து புறப்பட்ட நெடும்பயணத்தைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வன உரிமைச் சட்டப்படி நிலப்பட்டா கேட்ட ஆதிவாசி விவசாயிகளே பெரும்பகுதி. இரண்டு வகைப் படங்கள் நாடு முழுவதும் பரவின. ஒன்று, உயரத்திலிருந்து எடுத்தவை: மலைப்பாதையில் ஊர்ந்து வரும் செந்நிற ஆறு. உயர்கோணம் இங்கே சிறுமைப்படுத்தவில்லை. அமைப்பாகத் திரண்ட வலிமையைக் காட்டியது. மற்றொன்று, தரையளவில் எடுத்தவை: வெடித்து, தோலுரிந்த பாதங்கள். மும்பை மக்கள் தண்ணீரும் உணவும் செருப்பும் கொண்டுவந்து நின்றதில் அந்தப் பாதங்களுக்குப் பங்குண்டு. பத்தாம் வகுப்பு மாணவர்களின் தேர்வுக்கு இடையூறாகக் கூடாதென்று நள்ளிரவில் நடந்து ஆசாத் மைதானம் சேர்ந்தவர்கள் அவர்கள் என்ற செய்திக்கும் பங்குண்டு. மார்ச் 12 அன்று அரசு கோரிக்கைகளை எழுத்துமூலம் ஏற்றது.

எனினும் ஒரு குறையைப் பேசாமல் விட முடியாது. ஆறு இருந்தது, பாதம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் முகம் மிகக் குறைவாக இருந்தது. ஆற்றைப் பார்த்து வியந்தவர்களும் பாதத்தைப் பார்த்துக் கலங்கியவர்களும், “எந்த நிலம், எத்தனை ஆண்டாக உழுகிறீர்கள், மனு ஏன் நிராகரிக்கப்பட்டது?” என்று ஒரு விவசாயப் பெண்ணிடம் கேட்டு அவள் பதிலை முடிக்கும்வரை கேட்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. கார்ப்பரேட் தொலைக்காட்சியிடம் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. நம்மிடம்?

நமது மாநாட்டுக் காணொலிகளை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். தலைவர் வாகனத்திலிருந்து இறங்குவது மெதுவேகத்தில், கீழிருந்து. மேடை கீழிருந்து. மக்கள் டிரோனிலிருந்து. கைதட்டும் கைகள் ஒரு நொடி. பின்னணி இசை மட்டும்தான் வேறு. ஒலியை அணைத்தால் எந்தக் கட்சி என்பது கொடியின் நிறத்தால் மட்டுமே தெரியும். இதில் எவருடைய தனிப்பட்ட தவறும் இல்லை. சந்தையில் கிடைக்கும் படத்தொகுப்பு மாதிரிகள் அப்படி. இளந்தோழர்கள் பார்த்து வளர்ந்த திரை அப்படி. ஆயினும் தொழிலாளியைக் கூட்டமாகவும் தலைவரை முகமாகவும் காட்டும் பழக்கம் நமது அரசியலுக்கு நேர்எதிரானது.

மாற்றுவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை, கைப்பேசி போதும். பேசுபவர் தரையில் அமர்ந்திருந்தால் பதிவு செய்பவரும் அமர வேண்டும். பீடி சுற்றும் பெண் கையைக் காட்டினால் முகத்தையும் காட்ட வேண்டும். முகத்தைக் காட்டினால் வாக்கியம் முடியும்வரை வெட்டக் கூடாது. ஆலை மேலாளரை அறைக்குள் நாற்காலியில் பதிவு செய்தால், தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போட்டு, வாயிற்கூட்டச் சத்தம் இல்லாத இடத்தில், அதே உயரத்தில் பதிவு செய்ய வேண்டும். காவலர் தடியோடு நிற்கும் இடத்தில் அடிபடுபவரை மட்டும் காட்டி நிறுத்தக் கூடாது. தடியைப் பிடித்த கையும் ஆணையிடும் அதிகாரியும் சட்டகத்துக்குள் வர வேண்டும். லாசிட்டரின் சோதனை சொன்னது இதைத்தான்.

அடுத்து ‘தமஸ்’ தொடரின் தொடக்கப் பகுதி திரையிடப்படும். முதல் முறை ஒலியோடும், இரண்டாம் முறை ஒலியில்லாமலும். நாத்துவின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது, அவனுக்கு ஐந்து ரூபாய் தந்தவர் எத்தனை முறை சட்டகத்துக்குள் வருகிறார் என்பதை ஒவ்வொருவரும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். குழு விவாதம் தேநீருக்குப் பிறகு.